கூறுபாட்டிலிருந்து கணிப்புக்கு: நூலகப் பொருளடைவின் வரலாற்றில் செயற்கை நுண்ணறிவும் தமிழ் நூற்பட்டியலும்

ஆய்வுச் சுருக்கம்

நூலகத் தொகுப்புகளை விவரிக்கவும் வாசகர்க்கு வழிகாட்டவும் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தும் போக்கு, நூலகவியலின் நெடிய வரலாற்றில் வைத்து நோக்கத்தக்கது. சென்னையில் சீ. இரா. அரங்கநாதன் வகுத்த கூறுபாட்டு முறை, கிரான்ஃபீல்டு சோதனைகள், அமெரிக்க, ஜெர்மானிய, பின்லாந்து நூலகங்களின் இயந்திரப் பொருளடைவு ஆகியவற்றை இக்கட்டுரை வரிசைப்படுத்தி ஆராய்கிறது. ஒரு நூல் எதைப் பற்றியது என்னும் முடிவைச் சரிபார்க்கும் வழி இவ்வரலாற்றில் படிப்படியாக மறைந்து வந்துள்ளது என்பதை எடுத்துக்காட்டுகிறது. பழந்தமிழ் அச்சு நூல்களின் முகப்புப் பக்கங்களைச் சான்றாகக் கொண்டு, தமிழ்த் தொகுப்புகளில் அவ்வழியை மீண்டும் அமைப்பது ஏன் இன்றியமையாதது என நிறுவுகிறது.

திறவுச் சொற்கள்: செயற்கை நுண்ணறிவு, பொருளடைவு, நூற்பட்டியல், கோலன் பகுப்புமுறை, எழுத்துணரி, மீதரவு, தமிழ் அச்சு வரலாறு

முன்னுரை

நூலகத்தில் செயற்கை நுண்ணறிவு எனும்போது இன்று பெரும்பாலும் வினாக்களுக்கு விடையளிக்கும் உரையாடு செயலிகளே நினைவுக்கு வருகின்றன. ஆயினும் நூலகத்தின் உயிர்நிலை பட்டியலே. ஒரு நூலின் ஆசிரியர், காலம், பொருள் ஆகியவை பட்டியலில் சரியாகப் பதிவாகாவிடின், அந்நூல் அலமாரியில் இருந்தும் இல்லாததாகிறது. எனவே பட்டியலை ஆக்கும் பணி இயந்திரத்தின் கைக்கு மாறுவதே இம்மாற்றங்களில் ஆழமானது. இந்நூல் இப்பொருள் பற்றியது என்று யார் முடிவு செய்கிறார், அம்முடிவை மற்றொருவர் எவ்வாறு சரிபார்க்க இயலும் என்னும் இரு வினாக்களை முன்வைத்து இக்கட்டுரை அம்மாற்றத்தை ஆராய்கிறது.

1. பெயரிட்ட பட்டியல்கள்

தமிழ் அச்சு நூல்களைப் பொருள்வாரியாகத் தொகுத்த பெருமுயற்சிகளுள் முந்தியது ஜான் மர்டாக் 1865-இல் சென்னையில் வெளியிட்ட வகைப்படுத்திய பட்டியலாகும். அடுத்த ஈராண்டில் 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அச்சிடப்பட்ட நூல்களின் விவரங்கள் காலாண்டுதோறும் அரசால் பட்டியலிடப்பட்டன. 1909-இல் எல். டி. பார்னெட்டும் ஜி. யு. போப்பும் பிரித்தானிய அருங்காட்சியகத் தமிழ் நூல்களுக்குப் பட்டியல் வெளியிட்டனர். அதன் துணைப்பட்டியலைப் பார்னெட் 1931-இல் கொணர்ந்தார்.

இப்பட்டியல்கள் குறையற்றவை அல்ல. மர்டாக் கிறித்தவக் கல்வி நூல் வெளியீட்டில் ஈடுபட்டவர். அவருடைய வகைப்பாட்டில் அப்பார்வை படிந்துள்ளது. ஆயினும் அப்பார்வை இன்னாருடையது, இன்ன காலத்தது என்பதை நாம் அறிவோம். அறிவதால் அதனைக் கழித்துப் பார்க்கவும் இயல்கிறது. பட்டியலின் நம்பகத்தன்மை என்பது அதன் பிழையின்மையை மட்டும் குறிப்பதன்று. பிழை எங்கிருந்து வந்தது என்று கண்டறிய இடந்தருவதையும் குறிக்கும்.

2. அரங்கநாதன்: முடிவின் வழியைக் காட்டும் முறை

கணித விரிவுரையாளராக இருந்த அரங்கநாதன் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். அவ்வாண்டே இலண்டன் சென்று பல்கலைக்கழகக் கல்லூரியில் நூலகவியல் பயின்றார். அங்கு ஒரு கடையில் மெக்கானோ விளையாட்டுக் கருவியைக் கண்டதே, சிறு கூறுகளை இணைத்து எண்ணற்ற பொருள்களை அமைக்கும் எண்ணத்தைத் தமக்குத் தந்தது என்று அவர் பின்னர்க் குறிப்பிட்டுள்ளார். நூலகவியலின் ஐந்து விதிகள் 1931-இலும், கோலன் பகுப்புமுறை 1933-இலும், வகைப்படுத்திய பட்டியல் விதித்தொகுப்பு 1934-இலும் வெளிவந்தன.

அதுவரை வழங்கிய பகுப்புமுறைகள் பெரும்பாலும் முன்கூட்டியே எழுதிவைத்த பொருள்களின் வரிசைகளாக இருந்தன. அரங்கநாதன் பொருளைக் கூறுகளாகப் பிரித்தார். ஆளுமை, மூலப்பொருள், ஆற்றல், இடம், காலம் என அக்கூறுகள் 1950களில் தெளிவாக வரையறுக்கப்பட்டன. தஞ்சை மாவட்டத்தில் 1950களில் நெற்பயிர் நோய்த் தடுப்புப் பற்றிய நூல் ஒன்றைக் கொள்வோம். நெல் ஆளுமைக் கூறாகவும், நோய்த் தடுப்பு ஆற்றலாகவும், தஞ்சை இடமாகவும், 1950கள் காலமாகவும் பிரிக்கப்பட்டு, விதிப்படி கோக்கப்படும். அக்கோவையின் ஒவ்வொரு கண்ணியிலிருந்தும் ஓர் அடைவுச்சொல் பெறப்படுவது சங்கிலி அடைவு எனப்பட்டது. 1950-இல் தொடங்கிய பிரித்தானிய தேசிய நூற்பட்டியல் இம்முறையைப் பல ஆண்டுகள் கையாண்டது.

இம்முறையின் சிறப்பு, முடிவுக்கு வந்த வழி முழுவதும் வெளிப்படையாக இருப்பதாகும். பகுப்பெண்ணைக் காணும் மற்றொரு நூலகர் அதனைக் கூறுகளாகப் பிரித்து, எக்கூறு தவறு என்று சுட்டிக்காட்ட முடியும். 1962-இல் பெங்களூரில் அரங்கநாதன் நிறுவிய ஆவணப்படுத்தல் ஆய்வு மற்றும் பயிற்சி மையம், இவ்விதிகளைக் கணிப்பொறிக்கு ஏற்றவாறு வளர்க்கும் ஆய்வுகளுக்கு இடமாயிற்று. விதிகள் தெளிவாக இருந்தமையால் அவற்றை இயந்திரத்துக்குக் கற்பிக்கலாம் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. வரலாறு வேறு வழியில் சென்றது.

3. கிரான்ஃபீல்டு: கண்டடைதலே அளவுகோல்

இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டு வானூர்தியியல் கல்லூரி நூலகரான சிரில் கிளெவர்டன், 1958 முதல் பொருளடைவு முறைகளைச் சோதனைக்கு உட்படுத்தினார். வானூர்தியியல் சார்ந்த 18,000 ஆவணங்களுக்கு உலகப் பதின்மப் பகுப்பு, அகரவரிசைப் பொருள் தலைப்பு, கூறுபாட்டுப் பகுப்பு, ஒற்றைச்சொல் அடைவு ஆகிய நான்கு முறைகளில் அடைவு செய்யப்பட்டது. 1962-இல் வெளியான முடிவுகளில் நான்கிற்கும் இடையே வேறுபாடு சிறிதாகவே இருந்தது. எளியதெனக் கருதப்பட்ட ஒற்றைச்சொல் அடைவு பின்தங்கவில்லை. நுட்பமானதெனப் போற்றப்பட்ட கூறுபாட்டு முறை முந்தவுமில்லை. 1966-இல் முடிந்த இரண்டாம் கட்டச் சோதனை, ஆவணத்தின் இயல்பான சொற்களே தேடலுக்குப் பெரிதும் போதுமானவை எனக் காட்டியது.

இச்சோதனைகள் கடும் விமரிசனத்துக்கும் உள்ளாயின. முதற்கட்டத்தில் கேள்விகள் பலவும் தொகுப்பிலிருந்த ஆவணங்களைக் கொண்டே உருவாக்கப்பட்டமை முக்கியமான குறையாகச் சுட்டப்பட்டது. எனினும் அவற்றின் அளவுகோல் நிலைத்தது. தொடர்புடைய ஆவணங்களுள் எத்தனை மீண்டன, மீண்டவற்றுள் எத்தனை தொடர்புடையவை என்னும் மீட்பு வீதமும் துல்லியமும் தகவல் மீட்பாய்வின் பொது அளவைகளாயின. ஜெரார்டு சால்டனின் ஸ்மார்ட் ஆய்வுகளும் 1992-இல் தொடங்கிய டிரெக் மாநாடுகளும் இம்மரபில் வளர்ந்தவை. இன்றைய தேடுபொறியும் இயந்திரக் கற்றல்வழிப் பொருளடைவும் இம்மரபின் வழித்தோன்றல்களே.

இங்கு நேர்ந்த மாற்றத்தைத் துல்லியமாக உணர வேண்டும். அரங்கநாதனின் முறையில் ஒரு தலைப்பு ஏன் தரப்பட்டது என்பதற்கு விடை உண்டு. கிரான்ஃபீல்டு மரபில் அவ்வினா எழுவதில்லை. சராசரியாக எத்தனை முறை சரியாக அமைந்தது என்பதே வினா. பேரளவிலான தொகுப்புக்கு இது பயனுள்ள வினாதான். ஆயின் அது இரண்டு முன்நிபந்தனைகளைக் கொண்டது. ஆவணத்தின் சொற்கள் பிழையின்றி இயந்திரத்துக்குக் கிடைத்திருக்க வேண்டும்; சரியான விடை எதுவென மனிதர் முன்னரே குறித்திருக்க வேண்டும். ஆங்கில வானூர்தியியல் அறிக்கைகளுக்கு இவை இயல்பாக அமைந்தன. எல்லாத் தொகுப்புகளுக்கும் அவ்வாறு அமைவதில்லை.

4. இயந்திரப் பொருளடைவும் அதன் அடித்தளமும்

இயந்திரப் பொருளடைவு முழு நடைமுறையாக மாறியதற்கு அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் தெளிவான சான்று. அதன் மருத்துவப் பொருள் தலைப்புத் தொகுதி 1960-இலும், கணிப்பொறிவழித் தேடல் அமைப்பான மெட்லார்ஸ் 1964-இலும் தோன்றின. 2002 முதல் ஒரு மென்பொருள் தலைப்புகளைப் பரிந்துரைக்க, அடைவாளர்கள் அவற்றை ஏற்றும் திருத்தியும் வந்தனர். 2022-இல் மெட்லைன் கட்டுரைகளுக்கான அடைவு முழுவதும் தானியங்கி முறைக்கு மாறியது. மனிதரின் பங்கு தேர்ந்தெடுத்த மேற்பார்வையாகச் சுருங்கியது.

ஜெர்மன் தேசிய நூலகம் 2010 முதல் மின்வெளியீடுகளை நூலகர் கொண்டு அடைவு செய்வதைக் கைவிட்டு, இயந்திர முறைகளை நாடியது. 2017-இல் அச்சு நூல்களின் சில வரிசைகளுக்கும் அது விரிவாக்கப்பட்டபோது அந்நாட்டு நூலகர்களிடையே கடும் விவாதம் எழுந்தது. பின்லாந்து தேசிய நூலகம் 2017-இல் அனிஃப் எனும் திறமூலக் கருவியை உருவாக்கத் தொடங்கி, 2020-இல் அதன் அடிப்படையில் பிற நூலகங்களுக்கும் சேவை வழங்கியது.

இவற்றுள் தமிழ் நூலகங்கள் கருதத்தக்கது பின்லாந்தின் சான்று. பின்னிய மொழி பேசுவோர் தொகை தமிழரின் தொகையைவிட மிகச் சிறியது. எனினும் கருவி அங்கே பயன்பட்டதற்குக் காரணங்கள் உள்ளன. நூலகங்கள் பொதுவாகக் கையாளும் பொருட்சொல் தொகுதி அங்கு இருந்தது. அச்சொற்களைக் கொண்டு நூலகர்கள் பல ஆண்டுகளாக உருவாக்கிய பதிவுகளும் ஒன்றுதிரட்டப்பட்டிருந்தன. கருவி அப்பதிவுகளிலிருந்தே கற்றது. மருத்துவ நூலகத்தின் மென்பொருளும் பல பத்தாண்டுகள் மனிதர் செய்த அடைவையே முதலாகக் கொண்டது. ஆக, இயந்திரப் பொருளடைவு மனித உழைப்பு ஏராளமாகச் சேமிக்கப்பட்ட இடங்களில்தான் விளைந்துள்ளது. அச்சேமிப்பு குறைவாக உள்ள மொழியில் அதே கருவியைப் பொருத்திவிட்டு அதே விளைவை எதிர்பார்ப்பது பொருந்தாது.

5. தமிழ் முகப்புப் பக்கத்தை இயந்திரம் படிக்கும்போது

தமிழில் இந்த இடர்ப்பாடு பொருள் தலைப்புக்கு முன்னரே, எழுத்தைப் படிக்கும் நிலையிலேயே தொடங்குகிறது. டெசராக்ட் எனும் எழுத்துணரி 1980களில் எச்.பி. நிறுவனத்தில் தொடங்கி, 2005-இல் திறமூலமாகி, 2018-இல் வெளிவந்த நான்காம் பதிப்பில் நரம்பணு வலை முறைக்கு மாறியது. தமிழும் அதில் இடம்பெற்றுள்ளது. ஆயின் இத்தகைய எழுத்துணரிகள் பெரும்பாலும் கணிப்பொறி எழுத்துருக்களால் உருவாக்கிய பாடங்களிலிருந்து பயிற்சி பெறுகின்றன. இக்கால அச்சு நூலை அவை நன்கு படிக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டு நூலின் முன் அவை தடுமாறுவதற்குக் குறைந்தது நான்கு காரணங்களைக் காணலாம்.

முதலாவது, எழுத்து வடிவம். ணை, லை, ளை, னை ஆகியவையும் ணா, றா, னா போன்றவையும் பழைய அச்சில் இன்றைய வடிவில் இல்லை. பெரியார் 1935-இல் குடி அரசு இதழில் கைக்கொண்ட சீர்திருத்த வடிவங்களைத் தமிழ்நாடு அரசு 1978-இல் ஏற்றது. அதற்கு முந்திய நூல்களுள் மிகப் பெரும்பாலானவை பழைய வடிவங்களையே தாங்கியுள்ளன. இவ்வடிவங்களைப் பயிலாத கருவி மிகச் சாதாரணச் சொற்களையும் சிதைக்கும்.

இரண்டாவது, எண்கள். பழைய நூல்கள் பலவற்றில் ஆண்டு தமிழ் எண்களில் அச்சிடப்பட்டுள்ளது. 1887 என்பது ௧௮௮௭ என வரும். இவ்வெண்கள் முறையே க, அ, அ, எ என்னும் எழுத்துகளை ஒத்தவை. ஐந்தைக் குறிக்கும் எண் ரு என்பதையும் ஆறைக் குறிக்கும் எண் சு என்பதையும் ஒத்தவை. எழுத்துணரி இவ்வாண்டை ‘கஅஅஎ’ என்று படித்தால், பதிவில் ஆண்டே இல்லாமற் போகிறது. காலவாரியாகத் தேடும் ஆய்வாளருக்கு அந்நூல் எக்காலத்திலும் அகப்படாது.

மூன்றாவது, ஆண்டின் பெயர். அறுபதாண்டுச் சுழற்சியில் ‘பார்த்திப வருஷம்’ என்று மட்டும் அச்சிட்ட நூல் 1825-26, 1885-86, 1945-46 ஆகியவற்றுள் எதற்கும் உரியதாகலாம். பட்டியலாளர் அச்சுக்கூடத்தின் பெயர், எழுத்தின் வார்ப்பு, தாள், அதே பதிப்பாளரின் பிற நூல்கள் ஆகியவற்றைக் கண்டு முடிவு செய்வார். துணியாவிடில் ஐயக்குறி இடுவார். மொழி மாதிரி ஐயக்குறியின்றி ஓர் ஆண்டைத் தந்துவிடக்கூடும்.

நான்காவது, பொறுப்புரை. பழைய முகப்புப் பக்கத்தில் இயற்றியவர், உரை செய்தவர், ஏட்டுப் பிரதிகளைப் பரிசோதித்தவர், பார்வையிட்டவர், பொருளுதவி செய்தவர், அச்சிற் பதிப்பித்தவர் எனப் பலர் ஒரே நெடுந்தொடரில் அடுக்கப்படுவர். யார் ஆசிரியர், யார் புரவலர் என்பது வினையெச்சங்களின் ஒழுங்கைப் பொறுத்தது. இத்தொடரைப் பிரித்தறிதல் தமிழ் இலக்கண அறிவும் பதிப்பு வரலாற்றறிவும் வேண்டும் பணி.

முகப்புப் பக்கம் பிழையின்றிப் படிக்கப்பட்டாலும் சிக்கல் முடிவதில்லை. சி. வை. தாமோதரம்பிள்ளை 1885-இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தார். அப்பதிப்பின் பிற்பகுதி உரை பேராசிரியருடையது என்பதை இரா. இராகவையங்கார் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிறுவினார். முகப்புப் பக்கத்தை மட்டும் படிக்கும் இயந்திரம் நச்சினார்க்கினியர் பெயரை மட்டுமே பதிவு செய்யும். அது பக்கத்துக்கு உண்மையாக இருக்கும், புலமை வரலாற்றுக்கு உண்மையாகாது. பேராசிரியர் உரையின் பதிப்பு வரலாற்றைத் தேடும் மாணவருக்கு அப்பதிப்பு கிட்டாமற் போகும். பட்டியலில் இடப்படும் ஒரு வரிக் குறிப்பே இவ்விடைவெளியை நிரப்புகிறது. அவ்வரி ஒரு தலைமுறைப் புலமையின் விளைவு.

பெயர்களின் நிலையும் இதுவே. அரங்கநாதன் என்னும் பெயரே தமிழில் எஸ். ஆர். ரங்கநாதன், சீ. இரா. அரங்கநாதன் என இரு வகையாக வழங்குகிறது. இவ்விரண்டும் ஒருவரே என்று கூறும் பெயர் ஒழுங்குப் பதிவு இல்லாதபோது, இயந்திரம் ஒருவரை இருவராக்கும். ஒரே தலைப்பெழுத்துடைய இருவரை ஒருவராக்கவும் செய்யும்.

6. சேவையில் நேரும் விளைவு

பட்டியலில் மறையும் பிழை, வாசகர் சேவையில் வெளிப்படுகிறது. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி பொதுப் பயன்பாட்டுக்கு வந்தபின், இல்லாத நூல்களையும் கட்டுரைகளையும் தேடி வாசகர்கள் நூலகங்களை அணுகுவது பல நாடுகளில் காணப்படுகிறது. 2025 மே மாதத்தில் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழின் இணைப்பிதழில் வந்த கோடைக்கால வாசிப்புப் பட்டியலில் 15 நூல்கள் இருந்தன. அவற்றுள் 10 நூல்கள் உண்மையில் எழுதப்படாதவை. அவை செயற்கை நுண்ணறிவு புனைந்த தலைப்புகள்.

அங்கே அப்பிழை விரைவில் பிடிபட்டதற்குக் காரணம், எழுத்தாளர்கள் வாழ்ந்துகொண்டிருந்தமையும் ஆங்கில நூற்பட்டியல்கள் செறிவாக இருந்தமையுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ப் புலவர் ஒருவர் பெயரில் இல்லாத அந்தாதி ஒன்றை இயந்திரம் புனைந்தால், அதனை மறுக்க எங்குச் செல்வது? நூல் கிடைக்கவில்லை என்பது நூல் இல்லை என்பதற்குச் சான்றாகாது. மறைந்த நூல்கள் தமிழில் ஏராளம். ஏடுகள் அழிந்தும் நூலகங்கள் எரிந்தும் இழப்புற்ற மரபில், புனைந்த நூலுக்கும் மறைந்த நூலுக்கும் வேறுபாடு காட்டும் ஒரே கருவி நம்பத்தகுந்த பட்டியல்தான்.

7. செய்யத்தக்கவை

மேற்கண்டவை இயந்திரத்தை விலக்க வேண்டும் என்பதற்கான வாதமல்ல. கோட்டையூர் ரோஜா முத்தையாவின் சேகரிப்பை அடிப்படையாகக் கொண்டு 1994-இல் அமைந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், கன்னிமாரா பொது நூலகம் போன்ற பெருந்தொகுப்புகளின் உள்ளடக்கத்தை வரிவரியாகத் தேடும் வசதி, எழுத்துணரியின்றி எய்த இயலாதது. இயல்பான சொற்களே தேடலுக்குப் பெரிதும் உதவும் என்ற கிரான்ஃபீல்டு முடிவு, நல்ல பாடம் கிடைத்தால் தமிழுக்கும் பயன்படும். அதற்கு நான்கு செயல்கள் முதன்மையானவை.

ஒன்று, பதிவின் ஒவ்வொரு புலமும் எவ்வாறு உருவானது என்பதைப் பதிவிலேயே குறித்தல். மார்க் 21 வடிவத்தில் 883 எனும் புலம் இதற்கென்றே உள்ளது. தரவு உருவான முறை, நம்பக அளவு, நாள், உருவாக்கிய நிறுவனம் ஆகியவற்றை அதில் இடலாம். இயந்திரம் தந்த ஆண்டும் நூலகர் தந்த ஆண்டும் ஒன்றுபோலத் தோன்றும் பதிவு ஏற்கத்தக்கதல்ல.

இரண்டு, பக்கப் படிமம், இயந்திரம் படித்த பாடம், மனிதர் திருத்திய பாடம் ஆகிய மூன்றையும் தனித்தனியே பேணுதல். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தன்னார்வலர் உழைப்பால் திருத்தமான பாடங்களைத் தந்துள்ளது. அத்தகைய பாடங்கள் பழைய பதிப்புகளின் படிமங்களோடு வரிவாரியாகப் பிணைக்கப்படுமாயின், பழைய எழுத்தைப் படிக்கும் பயிற்சிக்கு அவை சிறந்த முதலாகும்.

மூன்று, எழுத்துணரியின் பிழைவீதத்தைக் காலப்பகுதிவாரியாக அளத்தல். 1978-க்குப் பிந்திய நூல்கள் தொகுப்பில் மிகுந்திருந்தால் மொத்தச் சராசரி உயர்ந்தே தோன்றும். அச்சராசரிக்குள் 1850-ஆம் ஆண்டு நூல் புதையுண்டு போகும்.

நான்கு, பொதுவான தமிழ்ப் பொருட்சொல் தொகுதியையும் பெயர் ஒழுங்குப் பதிவையும் நூலகங்கள் கூட்டாக உருவாக்குதல். இதனை இயந்திரத்துக்குப் பிந்திய பணியாகக் கருதுவது தவறு. பின்லாந்தின் வரலாறு காட்டுவதுபோல், இதுவே இயந்திரத்துக்கு முந்திய பணி.

முடிவுரை

அரங்கநாதனின் முறையில் பொருளடைவு விளக்கத்தக்க முடிவாக இருந்தது. கிரான்ஃபீல்டு மரபில் அளக்கத்தக்க விளைவாயிற்று. இன்றைய கருவிகளில் அது நிகழ்தகவு சார்ந்த கணிப்பாக உள்ளது. ஒவ்வொரு படியிலும் வேகமும் அளவும் கூடின. முடிவின் வழியைப் பின்தொடரும் வாய்ப்புக் குறைந்தது. மனித அடைவு செறிந்த மொழிகள் இவ்விழப்பைத் தாங்கிக்கொள்ளலாம், ஏனெனில் ஒப்பிட்டுத் திருத்த அவற்றிடம் பழைய பதிவுகள் உள்ளன. தமிழ்த் தொகுப்புகளின் பெரும்பகுதிக்கு இயந்திரம் தரும் பதிவே முதற்பதிவாகவும், திருத்துவார் இல்லையெனில் இறுதிப் பதிவாகவும் அமையும் நிலை உள்ளது.

ஒவ்வொரு நூலும் தன் வாசகரை அடைய வேண்டும் என்பதும் வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதும் அரங்கநாதன் விதிகளுள் அடங்கியவை. இயந்திரம் இரண்டாவதை விரைவில் நிறைவேற்றும். முதலாவதை நிறைவேற்ற, பழைய முகப்புப் பக்கத்தைப் படிக்கத் தெரிந்த பட்டியலாளர் நூலகத்தில் இருந்தாக வேண்டும். கருவிகளுக்கு ஒதுக்கப்படும் நிதியில் அவருடைய பணியிடமும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறதா என்பதே, தமிழ் நூலகங்களின் செயற்கை நுண்ணறிவுத் திட்டங்களை மதிப்பிடும் முதல் வினாவாக அமைய வேண்டும்.